எட்டு போல்ட்டு

"இன்னா பாய், காலையில உட்ட வண்டி. ஒரு ஸ்பீக்கரை மாட்டுறதுக்கு இம்மாம் நேரமா?"

கோவிந்தராஜுக்குப் பொறுமை போய்விட்டது. சேக்காட்டில் இருந்த மஸ்தானின் கடைக்குத் தன் மாருதி வேனைக் காலை ஒன்பதுக்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இப்போது உச்சி வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

"ஏழு கிலோ கீது அண்ணாத்தே இந்த வூஃபரு. ஏனோதானோன்னு மாட்டக் கூடாது" என்றார் மஸ்தான், தலையைத் தூக்காமலே.

மற்ற கடைக்காரர்கள் நாலு மர ஸ்க்ரூவைத் திருகி, டீ ஆறுவதற்குள் வண்டியை அனுப்பிவிடுவார்கள். இந்த மனுஷன் மட்டும் பலகையை முழுசாகத் துளைத்து, எட்டு போல்ட்டு விட்டு, பெட்டிக்குள் கையை நுழைத்து ஒவ்வொன்றுக்கும் வாஷரும் நட்டும் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். போதாததற்குப் பெட்டியையே வேனோடு இரும்பு ஆங்கிள் வைத்து முடுக்கினார். பின்சீட்டில் உட்காருபவரின் தலைக்குப் பின்னால், கறுப்பாக, வட்டமாக நின்றது வூஃபர்.

"பின்சீட்ல யாரு குந்துவாங்க?"

"எம் பொண்ணு. ஆறு வயசு."

மஸ்தான் எட்டு போல்ட்டையும் இன்னொரு தடவை முடுக்கினார். கேசட்டைப் போட்டார். தும்... தும்... என்று பக்கத்து வீட்டுத் தகரக் கூரை நடுங்கியது. கோவிந்தராஜுக்கு வாயெல்லாம் பல்.

அப்போதுதான் ஒரு பெண் வந்தாள்.

படிய வாரிய தலை, சுத்தமான புடவை. இடுப்பில் ஒரு துணிப் பொம்மை, குழந்தை அளவுக்கு. பொம்மைக்கு நிஜமான கவுன், நிஜமான ரிப்பன். யாரையும் கேட்காமல் வேன் கதவைத் திறந்தாள். பொம்மையைப் பின்சீட்டில் உட்கார வைத்து, கவுனை முழங்கால் வரை இழுத்துவிட்டாள்.

"சன்னல்ல கைய நீட்டாத கண்ணு. ஒயுங்கா குந்து."

கோவிந்தராஜுக்கு அந்த வெயிலிலும் குளிர்ந்தது. "பாய்... இன்னா இது? சூனியம் கீனியமா?"

"ஒண்ணியும் கேக்காதீங்க. தெரு முனை வரைக்கும் வேகமாப் போயி, சடார்னு ஒரு பிரேக் போட்டுட்டு வாங்க."

"பொம்மையோடவா?"

"பொம்மையோடதான்."

போனார். கண்ணாடியில் பார்த்தால், பொத்தான் கண்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. முனையில் பிரேக்கை மிதித்தார். பொம்மை முன்னால் சாய்ந்து அப்படியே நின்றது. வூஃபர் இம்மிகூட அசையவில்லை.

திரும்பி வந்ததும் அவள் கதவைத் திறந்து, பொம்மையின் பின்னந்தலையை விரல்களால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அடி படல" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு குனிந்தாள். ஒரு பிடி மண்ணை அள்ளி மஸ்தானின் முகத்தில் வீசினாள்.

"எம் பொண்ணைக் கொன்ன கையி அழுகிப் பூடும்! நீ நல்லாவே இருக்க மாட்டே!"

மஸ்தான் மண்ணைத் துடைக்கக்கூட இல்லை. தலை குனிந்து நின்றார். எங்கிருந்தோ ஓடிவந்த அவள் புருஷன், அவள் தோளைப் பிடித்து அழைத்துப் போனான். ஒரு தடவைகூட அவன் கடைப் பக்கம் பார்க்கவில்லை.

கோவிந்தராஜ் வேனிலிருந்து இறங்கி வந்தார். "பாய், அந்தம்மா இன்னா சொல்லிட்டுப் போவுது?"

"பூங்காவனம்னு பேரு. பின்னாடி தெரு. இந்தச் சத்தம் கேட்டா வந்துரும். மூணு வருசம் முன்னாடி குடும்பமா வேன்ல வந்தாங்க. இதே முனையில மாடு குறுக்க வந்துது. பிரேக் போட்டதுல ஸ்பீக்கரு பெட்டியிலேர்ந்து பிச்சிகினு வந்து, கொயந்தை தலையில..."

"அது நீ மாட்டினதா?"

"ஊர்ல யாரை வேணா கேளுங்க. அப்டித்தான் சொல்லுவாங்க."

"அடப்பாவி! உங்கிட்டயா எம் பொண்ணு உசுரைக் குட்த்தேன்? கழட்டுய்யா அந்த ஸ்பீக்கரை!"

மஸ்தான் நகரவில்லை. கோவிந்தராஜே ஸ்பேனரைத் தேடிக் கடைக்குள் பாய்ந்தார். மூலையில் சாக்கு மூடி ஒரு பழைய பெட்டி. சாக்கை விலக்கினார்.

"இதானா அது?"

"ம். அந்த ஊட்டுல எப்டி வெச்சிருப்பாங்க? நான் தூக்கிகினு வந்துட்டேன்."

முன்பலகை பிய்ந்து கிடந்தது. அதில் நாலே நாலு ஓட்டை, குட்டிக் குட்டியாக. ஒன்றுகூடப் பலகையைத் தாண்டிப் போகவில்லை. ஒன்றில் இன்னும் ஒரு மர ஸ்க்ரூ துருப்பிடித்துத் தொங்கியது.

கோவிந்தராஜ் அந்த ஓட்டைகளைப் பார்த்தார். தன் வேனில் இருக்கும் எட்டு போல்ட்டைப் பார்த்தார். கோபம் எங்கேயோ போய்விட்டது.

"பாய்... எப்பலேர்ந்து நீ போல்ட்டு போடுறே?"

"கடை தொறந்த நாள்லேர்ந்து. மர ஸ்க்ரூவைக் கையால தொட்டதில்ல."

"அப்ப இது?"

மஸ்தான் முகத்து மண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நான்தான் கொயந்தையைத் தூக்கிகினு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். 'யாரு மாட்டினது, யாரு மாட்டினது'ன்னு அந்தம்மா அலறிச்சு. மாட்டினவரு பக்கத்துலதான் நின்னாரு. வாயைத் தொறக்கப் போனாரு. அதுக்குள்ள 'நான்தான்மா'ன்னு நான் முந்திக்கினேன். பொண்ணும் பூடுச்சி, புருசனும் பூட்டா, அந்தம்மாவுக்கு யாரு கீறாங்க அண்ணாத்தே?"