அரை மணி நேர அப்டேட்

"ஆவணி முகூர்த்த சீசன்ல, நட்டநடுப் பகல்ல வியாபாரத்தை நிறுத்தற பொண்ணை எங்கியாவது பார்த்திருக்கியாபா?"

பெரிய காஞ்சிபுரத்தில் மூன்று மாடிப் பட்டுக்கடை வைத்திருக்கும் பரமசிவம், சென்னையிலிருந்து வந்த நெட்வொர்க் என்ஜினீயர் யேசுதாஸிடம் பொரிந்து தள்ளினார்.

கடையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள் துர்காதேவி. சனிக்கிழமை மதியம் ஒரு மணி ஆனால் போதும், 'ஃபர்ம்வேர் அப்டேட்' என்று நெட்வொர்க்கை நிறுத்திவிடுவாள். அரை மணி நேரம் பில் ஓடாது, பார்கோடு படிக்காது. பார்கோடு படிக்காமல் ஒரு புடவையையும் பிரிக்கக் கூடாது என்பது பரமசிவமே போட்ட சட்டம். வந்த கல்யாண கோஷ்டிகளைக் கீழே உட்கார வைத்து, காபி கொடுத்துக் கெஞ்ச வேண்டியிருந்தது.

"கேட்டா, நெட்வொர்க் பெட்டிக்குள்ள இருக்கிற புரோகிராமைப் புதுப்பிக்கிறேன்றா. கோயில்லகூடப் பன்னண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான்பா கும்பாபிஷேகம். இவ வாராவாரம் பண்றா! டபாய்க்கிறாளான்னு பார்த்துச் சொல்லு. இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

அன்றும் சனிக்கிழமை. மணி ஒன்று பத்து.

மூன்றாவது மாடிக்கு ஏறிய யேசுதாஸுக்குப் பெட்டியைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாடலுக்கு அப்டேட் கொடுப்பதையே கம்பெனி நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது.

"எதைமா அப்டேட் பண்ணிக்கினு இருக்கே?"

துர்காதேவியின் கண் அலமாரிகளுக்குப் பின்னால் போனது.

அங்கே விற்பனைப் பெண்கள் பதினைந்து பேர், தரையில் காலை நீட்டி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்திருந்தார்கள். வீங்கிய பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த கமலாட்சி, அவரைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"உட்காருமா, உட்காரு," என்றார் யேசுதாஸ்.

"காலையில ஒம்போதுக்கு நின்னா, ராத்திரி பத்து ஆவுது சார். உட்கார்ந்தா முதலாளிக்கு ஆவாது. மத்த நாள்ல நின்னுக்கினே முழுங்கறாங்க," என்றாள் துர்காதேவி. "எனக்கு வேற வழி தெரியல."

யேசுதாஸ் கீழே இறங்கினார். பின்னாலேயே அவளும் வந்தாள்.

"என்னபா, புளுகுதானே?" பரமசிவம் தயாராக இருந்தார்.

"உங்க பெட்டிக்கு ஆயுசு முடிஞ்சுபோச்சு சார். இத்தனை நாள் இந்தப் பொண்ணு ஓட்டினதே பெரிசு. உடனே புதுசு மாத்துங்க."

"மாத்தித் தொலைக்கிறேன். அதோட இந்த அப்டேட் தொல்லை ஒழியுமா?"

யேசுதாஸ் ஒரு கணம் துர்காதேவியைப் பார்த்தார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை.

"எங்க சார்! புது மாடல் ரொம்ப நாசூக்கு," என்றார். "வாரத்துக்கு ஒரு தடவை போதாது. தினமும் பண்ணணும்."