மூன்று சுற்று டேப்

சனிக்கிழமை கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் கச்சேரி. பாடகர் அரங்கநாதன் கையிலோ மைக் இல்லை. போன மாதம் சங்கராபுரத்தில் ஒரு கல்யாணத்தில் பாடிவிட்டு, பந்தியில் பாயசம் குடித்துவிட்டு வருவதற்குள் எந்தப் பாவியோ அதை அடித்துக்கொண்டு போய்விட்டான்.

கள்ளக்குறிச்சியில் ராணியம்மாள் கடையில் பழைய மைக் மலிவாகக் கிடைக்கும் என்றார்கள். எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கக் கூடாதாம். அரங்கநாதன் பஸ் ஏறிவிட்டான்.

"ரெண்டு மைக் வேணுங்கக்கா. நான் பாடறதுக்கு ஒண்ணு. எங்க சிவசங்கரோட கித்தார் ஆம்ப்ளிஃபயர் முன்னாடி வெக்கறதுக்கு ஒண்ணு. கம்மி வெலையில பாத்துக் குடுங்க."

கடை மூலையில் ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ரேடியோவை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ராணியம்மாளுக்குச் சரக்கும் தெரிந்திருந்தது, தொழிலும் தெரிந்திருந்தது.

"பாடறதுக்கு உருண்டைத் தலை எடுத்துக்கங்க தம்பி. பின்னால ஸ்பீக்கர்ல வர்ற சத்தத்த ஜாஸ்தி இழுக்காது, ஊளை விடாது. ஆம்ப்ளிஃபயருக்கு இந்த மொட்டைத் தலை போதும். நட்டநடுவுல வெச்சா காதுல ஊசி குத்தறாப்பல இருக்கும். கொஞ்சம் ஓரமா தள்ளி, கிட்டக்க வெய்யுங்க."

மொட்டைத் தலையை மறு பேச்சில்லாமல் எடுத்துக்கொண்டான். உருண்டைத் தலையில்தான் வம்பு. முதல் மைக்கில் 'பழனி' என்று பாடினான். 'ப' பட்டாசாக வெடித்தது. இரண்டாவதில், தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து யாரோ அழுவது போல இருந்தது. அது அவனுடைய குரல்தான்.

ராணியம்மாள் கண்ணாடி அலமாரியைத் திறந்து மூன்றாவது மைக்கை எடுத்து வைத்தாள்.

அரங்கநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலைத்தலையில் ஒரு சொட்டை. கைப்பிடியில் மூன்று சுற்றுக் கறுப்பு டேப்.

"இது என் மைக்கு!"

"கடையில இருக்கறது கடை மைக்குங்க தம்பி," என்றாள் ராணியம்மாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

"இன்னாம்மா வெளயாடறியா? திருட்டுப் பொருள வாங்கி விக்கறியா நீ? யார் குடுத்தான் இத?"

"எவனோ வந்தான், வித்தான், போய்க்கினே இருந்தான். வர்றவன் போறவன் பேரெல்லாம் நான் எழுதியா வெச்சிருக்கறேன்? உங்களுதுன்னா அடையாளம் சொல்லுங்க."

அடையாளமா? அரங்கநாதன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"அந்தச் சொட்டை, சிவசங்கர் கித்தாரு இடிச்சது. தலையக் கழட்டிப் பாரு. உள்ள பஞ்சு கிழிஞ்சுபோச்சுன்னு பாத்திரம் தேய்க்கற மஞ்ச ஸ்பாஞ்ச நானே வெட்டி வெச்சேன்."

ராணியம்மாள் தலையைத் திருகிக் கழற்றினாள். மஞ்சள் ஸ்பாஞ்ச் இருந்தது.

"பாத்தியா! கலைஞன்கிட்டயே திருடறவன் உருப்படுவானா? அவன் குரல்வளை அவிஞ்சு போவ! போலீசுக்குப் போன் போடட்டுமா?"

அந்த மைக்கில் பாடினால்தான் அவன் பாடகன். மற்ற மைக்கில் பாடினால் அவன் மனைவிகூட எழுந்து உள்ளே போய்விடுவாள்.

போலீஸ் என்றதும் ராணியம்மாள் இறங்கி வந்தாள். "சரிங்க தம்பி, எடுத்துக்கினு போங்க. காசு வேணாம். நாளைக்கு வேற எவனாவது வந்து என்னுதுன்னு நின்னா நான் இன்னா பண்றது? ஒரு சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எப்பலேர்ந்து உங்ககிட்ட இருக்குதுன்னும் எழுதுங்க."

அரங்கநாதன் ஒரே மூச்சில் எழுதினான். 'இந்த மைக் மூன்று வருடங்களுக்கு முந்தைய சித்திரை மாதம் முதல் என்னுடையது. போன மாதம் திருடு போகும்வரை ஒரு நாள்கூட என் கையை விட்டுப் பிரிந்ததில்லை.' ஆதார் நம்பரும் போட்டுக் கையெழுத்திட்டான். நியாயம் தன் பக்கம் இருக்கும்போது கையெழுத்துகூட அழகாக வருகிறது என்று தோன்றியது.

ராணியம்மாள் சீட்டை மூலையில் இருந்த பெரியவரிடம் நீட்டினாள். "நீங்க ஒரு தபா படிச்சுப் பாருங்க."

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு மைக்கை எடுத்து, டேப்பின் நுனியை நகத்தால் நெம்பினார்.

"ஐயா, அதப் பிரிக்காதீங்க!" என்று அரங்கநாதன் பாய்ந்தான். "கை வேர்த்தா வழுக்கும்னு நான்தான் சுத்தி வெச்சேன்!"

"நான் முன்னமே ஒருக்கா பிரிச்சுப் பாத்துட்டேன் தம்பி," என்றாள் ராணியம்மாள். "பாத்த அன்னிக்கே ஐயாவுக்குப் போன் போட்டேன். தேடிக்கினு எவனாவது வருவான்னு நாலு நாளா இங்கதான் குந்திக்கினு இருக்கறாரு."

ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. டேப் கழன்று விழுந்தது. கைப்பிடி முழுக்க, பாத்திரக் கடையில் பேர் வெட்டுவது போலப் பொடி எழுத்து. முதல் வரியில், 'நைனார்பாளையம் அம்மன் கோயிலுக்கு உபயம்: சின்னதுரை, சாலம்மாள்.' இரண்டாவது வரியில் மகன்கள், மருமகள்கள். மூன்றாவது வரியில், இடம் போதாமல் நெருக்கியடித்துக்கொண்டு பேரப்பிள்ளைகள்.

"எங்க வூட்டுல மொத்தம் பதினோரு பேருங்க தம்பி," என்றார் பெரியவர் மரியாதையாக. "இதுல நீங்க எந்தப் பேருங்க?"