பின்னாலயே வர்றோம்

காலை பத்தே கால் மணிக்கு, பதினோரு பெண்கள் நின்ற வரிசையிலிருந்து ஹெலன் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நான் பார்த்தேன் சார்."

தொழிற்சாலை ஆய்வாளர் நிமிர்ந்தார். "என்னம்மா பார்த்தீங்க?"

"விரல் போனதுல ஏஞ்சல் மேல தப்பில்ல சார். கை உள்ள போனா மெஷினை நிறுத்துற சென்சாரை இவங்கதான் கழட்டி வச்சிருந்தாங்க. வேலை வேகமா ஓடணுமாம். நீங்க வர்றீங்கன்னு இன்னிக்கு திருப்பி மாட்டி வச்சிருக்காங்க."

சூப்பர்வைசர் குணா சிரித்தான். "இந்தம்மாவுக்கு எப்பவும் எங்க மேல கடுப்பு சார். அந்தப் பொண்ணு போன் பார்த்துக்கினே கையை உட்டுச்சு. வேணும்னா மத்தவங்களைக் கேளுங்க."

"வேற யாராவது பார்த்தீங்களா? பயப்படாம முன்னால வாங்க."

ஹெலன் திரும்பிப் பார்க்கவில்லை. அவசியமில்லை என்று நினைத்தாள். ஞாயிறுதோறும் ஆரணி சபையில் நடப்பதுதானே? "தங்களைக் கர்த்தருக்கு ஒப்புக்கொடுக்கிறவங்க முன்னால வாங்க" என்று பாஸ்டர் அழைப்பார். சபை தலையைக் குனிந்துகொள்ளும். ஹெலன் எழுந்து நடப்பாள். பாதி தூரம் போவதற்குள் பின்னால் வெறுங்கால்களின் சத்தம் கேட்கும். முதல் அடியை நாம் வைத்தால் போதும், மற்றதைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பார் பாஸ்டர். ஒரு ஞாயிறுகூட அது பொய்த்ததில்லை.

அந்த நம்பிக்கையில்தான் நேற்று கம்பெனி வேனிலும் பேசினாள். ஏஞ்சலின் மூன்று விரல்களைத் தின்ற பிரஸ் மெஷினில் இப்போது நர்மதாவை உட்கார வைத்திருந்தார்கள். பத்தொன்பது வயசுப் பெண்.

"நம்ம வாயைத் தொறக்கலன்னா அடுத்தது இவ கைதான்."

"நீ முன்னால போக்கா. பின்னாலயே வர்றோம்" என்றாள் விக்டோரியா. சபையில் ஹெலனோடு ஒரே பாயில் உட்காருகிறவள்.

"அப்பால ஜகா வாங்கக் கூடாது."

"இன்னாக்கா, என்னைப் பார்த்தா அப்படியா தெரியுது?"

இப்போது பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

ஹெலன் திரும்பினாள். பத்துத் தலைகளும் குனிந்திருந்தன. விக்டோரியாவின் தலையும்.

"ஒருத்தர் சொல்றதை மட்டும் வச்சு..." என்று இழுத்த ஆய்வாளர், எழுதிக்கொண்டு கிளம்பினார். ஜீப் கேட்டைத் தாண்டியதும் சென்சாரைக் கழற்றினார்கள்.

"கார்டைக் குடுத்துட்டு ஊட்டுக்குப் போ. நாளையிலருந்து உனக்கு வேன் நிக்காது" என்றான் குணா.

ஞாயிற்றுக்கிழமை விக்டோரியா சபை வாசலில் காத்திருந்தாள்.

"காலு எழும்பலக்கா."

"இயேசுவைப் பேதுரு மறுதலிச்ச மாதிரி நீ மூணு தரம் மறுதலிச்சிருந்தாகூட தாங்கியிருப்பேன்டி. நீ வாயே தொறக்கலியே."

விக்டோரியா ஏதோ சொல்ல வந்தாள். ஹெலன் நிற்கவில்லை. உள்ளே போய் வேறு பாயில் உட்கார்ந்தாள்.

அன்று பாஸ்டர் அழைத்தபோது ஹெலன் எழவில்லை. சபையில் யாருமே எழவில்லை. இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர் ஜெபித்து முடித்தார்.

அதன் பிறகு சிப்காட்டில் எந்த கேட்டிலும் அவளை உள்ளே விடவில்லை. பேர் அதற்குள் பரவியிருந்தது. ஏஞ்சலின் கேஸில், கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். வீட்டில் முழங்கால் போட்டால் ஹெலனுக்கு வார்த்தை வரவில்லை. "போன்னு சொன்னீரே ஆண்டவரே" என்பதோடு நின்றுவிடும். ஒருநாள் கடைத்தெருவில் விக்டோரியா எதிரே வந்தாள். ஹெலன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

ஜூலை 9-ஆம் தேதி காலை ஷிப்டில், அதே பிரஸ்ஸில் விக்டோரியாவின் வலது கை போனது. அது நர்மதாவுக்குக் கொடுத்திருந்த மெஷின். ஹெலனை வெளியே அனுப்பிய அன்று மத்தியானமே, "அது பச்சப் புள்ள சார், எழுப்பிடுங்க, நான் உட்கார்றேன்" என்று விக்டோரியா கேட்டு வாங்கியிருந்தாள்.