நாலு தேசிக்காய்

"இதுக்குள்ளை படுத்தால் உங்கடை குறட்டை வெளியிலை கேக்குமோ?"

நிரூபா கதவருகே நின்று கேட்டாள். உள்ளே முழந்தாளில் நின்று கூடாரத் துணிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்த வாகீசனுக்குச் சந்தோஷத்தில் ஊசி விரலில் ஏறிவிட்டது. அவனுடைய குறட்டையைப் பற்றி மனைவி பேசாத நாள் கிடையாது. ஆனால் இந்தக் கேம்பரைப் பற்றி அவள் வாய் திறந்தது இதுதான் முதல் தடவை.

"கேக்காதப்பா. சுவருக்கு ஃபோம் வைக்கப்போறன்," என்றான். அப்படியொரு யோசனை அந்த நிமிடம்வரை அவனுக்கு இருந்ததில்லை.

மல்வேர்னில் அவர்களுடைய வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது, பயணம் போனால் தங்கிப் படுக்கிற அந்தப் பழைய கேம்பர். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு ஹீற்றர், அவ்வளவுதான். கூரையை மேலே தள்ளினால் சுற்றிவரக் கூடாரத் துணி விரியும். ஆள் நிமிர்ந்து நிற்கலாம். நிரூபா வேலைக்குப் போயிருந்த சமயம் பார்த்து, விற்றவனே கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனான். அவள் திரும்பி வருவதற்குள் வாகீசன் அடிப்பாகத்தைச் சுற்றி நீலத் தார்ப்பாய்ப் படங்கு கட்டிவிட்டான். அவள் கேட்காமலே, காற்று அடிக்காமல் இருக்க என்று சொன்னான்.

அதற்கு முந்தைய வருடங்களில் அவன் கேட்டது வேறு. பிக்கப் ட்ரக். ஒவ்வொரு கோடையிலும் கேட்டான். கணினிக்கு முன்னால் குந்தியிருக்கிற மனுசனுக்கு மண் ஏற்றுகிற வாகனம் எதற்கு என்று ஒவ்வொரு கோடையிலும் நிரூபா அவன் வாயை அடைத்தாள். இப்போது அந்த ஆசையை அவன் விட்டுவிட்டதாக அவள் நம்புகிறாள் என்று அவன் நம்பினான். இந்தக் கோடையில் அவள் வாயிலிருந்து சம்மதமாக ஒரேயொரு 'ஓம்' வந்துவிட்டால் போதும், அவனுக்குப் பிறந்த பலன் கிடைத்துவிடும்.

வாகீசனுக்குக் கைவேலை வராது. பேஸ்மென்றில் அவன் செய்த அலுமாரி விழாமல் இருக்க இன்றைக்கும் அரிசி மூட்டைதான் முட்டுக்கொடுக்கிறது. கேம்பரிலும் கைவரிசையைக் காட்டினான். முதல் நாள் கொளுக்கியைப் போடாமல் கூரையைத் தூக்கினான். அது திரும்பி இறங்கி உச்சந்தலையில் உட்கார்ந்தது. ஒழுக்கை அடைக்கப் பசை பூசினான்; ஒழுக்கு நிற்கவில்லை, யன்னல்தான் திறக்காமல் போயிற்று. யூரியூப்பில் பார்க்கும்போது எல்லாம் சுகமாகத்தான் இருந்தது.

ஆனால் நிரூபாவின் கேள்விகள் அவனுக்கு உசாரேற்றின. குளிர்காலத்திலும் ஹீற்றர் வேலை செய்யுமா என்று கேட்டாள்; ஆளைப் பிடித்துச் செய்ய வைத்தான். ஃபோன் சார்ஜ் பண்ண வசதி உண்டா என்று கேட்டாள்; வீட்டிலிருந்து வயர் இழுத்தான். பயணம் போக இவ்வளவு ஆசையை மனதுக்குள் வைத்திருந்தாளா என்று அவனுக்கு வியப்பாக இருந்தது. ஒருநாள் அவள் கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் காலை நீட்டிப் படுக்கக் காணுமோ?" என்று அக்கறையோடு கேட்டபோது அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இவளைப் போய் ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சு குத்தியது. அதுவும் ஒரு கணம்தான்.

ஒருவழியாக வேலை முடிந்தது. வாகனம் வாங்கினால் பூசை செய்ய வேண்டும். கோயிலுக்குக் கொண்டுபோவோம் என்று அவள் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, ஐயரை வீட்டுக்கே கூப்பிடலாம் என்று முந்திக்கொண்டான். அவள் மறுக்கவில்லை. பூசைச் சாமானெல்லாம் தானே எடுத்து வைப்பதாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐயர் வந்தார். கேம்பருக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, மாலை போட்டார். பிறகு நாலு தேசிக்காயைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு சில்லுக்குக் கீழேயும் ஒன்று வைத்து, வாகனத்தை உருட்டி நசுக்கினால்தான் கண்ணூறு கழியும். குனிந்து படங்கைத் தூக்கிப் பார்த்தார். எழும்பி மற்றப் பக்கம் போய் அங்கேயும் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, சில்லு எங்கை?"

படங்குக்குப் பின்னால் நாலு இரும்புக் கால்கள் மட்டுமே நின்றன.

இந்தக் கேள்விக்காகத்தான் வாகீசன் இத்தனை நாளும் காத்திருந்தான். பாதியில் நின்ற பூசையை நிரூபா தாங்கமாட்டாள். கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிய கவலை முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"இதுக்குச் சில்லு வராது ஐயா. இது ட்ரக்குக்கு மேலை ஏத்திக்கொண்டு போற சாமான்." மனைவியின் பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டான். "என்ன நிரூ செய்யிறது? பூசையைப் பாதியிலை விடேலாது. இனி ஒரு ட்ரக் எடுக்கத்தான் வேணும்."

நிரூபா கோபிக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை.

"இது வந்து இறங்கின அண்டைக்கே நான் படங்கைத் தூக்கிப் பாத்திட்டன்," என்றாள். ஐயரின் கையிலிருந்த தேசிக்காய்களைப் பக்குவமாக வாங்கிக்கொண்டாள். "சில்லு இல்லாட்டில் அது வாகனமில்லை ஐயா, வீடு. நீங்கள் பாலைக் காய்ச்சி விடுங்கோ."

ஐயர் கொஞ்சம் யோசித்தார். பூசை நிற்காமல் போனதில் அவருக்கும் நிம்மதி. "அப்ப சரி. ஆரம்மா குடிபூரப்போறது?" என்று கேட்டார்.

நிரூபா வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவளுடைய ஒரு கையில் பால் சட்டி இருந்தது. மற்றக் கக்கத்தில் வாகீசனின் தலையணை இருந்தது.