செடிக்கான காற்று

மருமகள் சுகந்தியின் மீன்தொட்டிக்குள் ஒரு சின்னக் காடே இருந்தது. மதியம் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. பக்கத்துச் சிலிண்டரிலிருந்து குமிழி ஒவ்வொன்றாகத்தான் வந்தது. தொட்டியைப் பராமரிக்கிற ஜெபசிங் காற்றிலும் களவாடுகிறான் என்று நினைத்து வால்வை நன்றாகத் திறந்துவிட்டேன்.

சாயங்காலம் மீன்கள் செத்து மிதந்தன. செடிகளோ இலைக்கு இலை குமிழி முத்துக் கோத்து மினுங்கின. தொட்டி அவ்வளவு அழகாக ஒருநாளும் இருந்ததில்லை.

ஜெபசிங் வந்து வால்வை மூடிவிட்டு விரலைத் துடைத்தான். "ஐயா, இது செடிக்கான காத்து, கரியமில வாயு. கூடினா மீனுக்கு விஷம். நீங்க தொட்டீங்களா?"

"நான் ஏன்டா தொடப்போறேன்?"

"அவரைக் கேக்காதீங்க. நீங்கதான் சரியா மூடல. இனிமே வர வேண்டாம்," என்றாள் சுகந்தி.

அவன் என்னைப் பார்த்தான். வாளியை எடுத்துக்கொண்டு போனான்.

"இவனை நம்பாதேன்னு அப்பவே சொன்னீங்க மாமா. நான்தான் கேக்கல. நாளைக்குப் புது மீன் வருது, தொட்டிய நீங்களே பாத்துக்குங்க."

சிலிண்டர் கிட்டே போய்க் குனிந்தேன். என் வெற்றிலைச் சுண்ணாம்பு வால்வில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுத்தான் அவன் மூடியிருந்தான்.