தனியே மிஞ்சியவன்

2009 ஏப்ரல் மாதத்து மாலை வெயில், நோர்வேயின் ரொம்சோஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீட்டின் கண்ணாடியில் சாய்ந்து விழுகிறது. மதம் பரப்ப வந்த இரண்டு அமெரிக்க இளைஞர்கள் ஈரக் காலுறைகளோடு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் மேசையில் வைத்த மொர்மன் வேதநூலின் நீல அட்டையில் பொன்னெழுத்து மினுங்குகிறது. எதிரே, போன வருடம் மன்னாரிலிருந்து வந்த அருள்மேரி செபமாலையை உருட்டிக்கொண்டிருக்கிறாள். வன்னியில் சண்டைக்குள் அகப்பட்ட அவளுடைய மகன் கடைசியாகத் தொலைபேசியில் கதைத்து மூன்று கிழமையாகிறது. இளைஞர்களில் ஒருவன் நோர்வேஜிய மொழியில் சொல்வதை அருள்மேரியின் அக்கா மகள் றொஷானி தமிழாக்குகிறாள். “ஒரு சனம் முழுக்கச் சண்டையிலை அழிஞ்சு போச்சாம், சின்னம்மா. மிஞ்சின ஒருத்தன் நடந்ததைப் பொன் தகட்டிலை எழுதி முடிச்சு மலையிலை கிடங்கு வெட்டித் தாட்டு வைச்சவனாம். ஆயிரத்து நானூறு வருசத்துக்குப் பிறகு எடுத்தவையாம். அதுதான் இந்தப் புத்தகம்.” அருள்மேரியின் விரல்கள் நின்றுவிடுகின்றன. “அவன் தனிய இருந்து எழுதேக்கை தாய் உயிரோடை இருந்தவவோ? கேள் பிள்ளை.” றொஷானி கேட்கிறாள். இளைஞனின் காது சிவக்கிறது. அவன் நூலின் கடைசிப் பக்கங்களைப் புரட்டுகிறான், தோழனைப் பார்க்கிறான், மறுபடி புரட்டுகிறான். “அவனுக்கு உறவென்று யாரும் மிஞ்சவில்லை என்றுதான் எழுதியிருக்கிறது” என்கிறான் மெதுவாக. சின்னம்மா றொஷானியின் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். றொஷானிக்கு அந்த நோர்வேஜியச் சொற்கள் அத்தனையும் விளங்குகின்றன. தமிழில் ஒன்றும் வரவில்லை.