முழு உரிமை

ஜெனரேட்டர் காப்புரிமை யாருக்கு என்று வேல்பாண்டியும் அவருடைய பழைய கூட்டாளி வினோத்ராஜும் தேனி கோர்ட்டில் வருடக்கணக்காக மோதிக்கொண்டிருந்தார்கள். ஜெனரேட்டருக்குள் கம்பிச்சுருள் சுற்றும் வைண்டிங் முறையைக் கண்டுபிடித்தவர் வேல்பாண்டி. மின்னோட்டத்தை ஒரே திசைக்கு மாற்றும் ரெக்டிஃபையர் வினோத்ராஜ் வடிவமைத்தது. ஆனால் இருவருமே முழு ஜெனரேட்டரும் தன்னுடையது என்றார்கள்.

அன்று கூண்டில் ஏறிய வினோத்ராஜ் நீதிபதியைப் பார்த்துக் கைகூப்பினான்.

“அண்ணனோட சண்டை போட்டு அலுத்துப் போச்சுங்கய்யா. வைண்டிங், ரெக்டிஃபையர் எல்லாமே அவுக யோசிச்சதுதான். நான் வித்ததோட சரி.”

நீதிபதி வேல்பாண்டியைப் பார்த்தார். “ரெக்டிஃபையரும் உங்களுடையதுதானா?”

வேல்பாண்டிக்கு ஒரு கணம் நெஞ்சு உறுத்தியது. ஆனால் முழு உரிமையும் கைக்கு எட்டிவிட்டதே!

“ஆமாங்கய்யா. ஒவ்வொரு டயோடும் நான் வச்சதுதான்.”

தீர்ப்பு அவர் பக்கம் ஆனது. வெளியே வந்ததும் வினோத்ராஜைக் கட்டிக்கொண்டார். “ஏலே தம்பி, ஒனக்கு இம்புட்டுப் பெரிய மனசாடா!”

வினோத்ராஜ் வாசலில் நின்ற இன்ஸ்பெக்டரிடம் கைகாட்டினான். “சார், இவுகதான்.”

“நேத்து ராத்திரி கம்பம் டவுன்ல ஒரு கல்யாண மண்டபத்துல உங்க ஜெனரேட்டர் தீப்பிடிச்சு மூணு பேர் செத்துட்டாங்க,” என்றார் இன்ஸ்பெக்டர். “ரெக்டிஃபையர்லதான் கோளாறாம். ஜீப்புல ஏறுங்க.”

“ஐயோ, அது நான் செஞ்சதில்லீங்க! இவன்...”

“இப்பத்தான ஜட்ஜ் ஐயாகிட்டச் சொன்னீக?” என்ற வினோத்ராஜ், ஜீப் வரை கூடவே போய்க் குரலைத் தாழ்த்தினான்.

“மண்டபத்துக்காரரு இன்னைக்கு விடிஞ்சதும் எனக்குத்தாண்ணே போன் பண்ணுனாரு. அதுக்கு மேல எனக்கு எதுக்குண்ணே அந்தப் பேட்டன்ட்?”